செத்தவனுக்கு வாசலில்லை

கோத்தான் பாசறை
யூமேலன் ஆட்சி இருபத்திரண்டாம் ஆண்டு, வசந்தத்தின் கடைசி மாதம்

என் ஜரியாவுக்கு,

நான் செத்துப்போய் எழுபது நாளாகிறதாம். எனக்கே நேற்றுத்தான் தெரிந்தது.

பாக்திராவிலிருந்து உலர்திராட்சை கொண்டுவந்த வியாபாரி ஒருவன் பாசறைக்குள் வந்தான். தாடியும் போர்வையுமாக நெருப்போரம் உட்கார்ந்திருந்த என்னைக் குதிரைக்காரன் என்று நினைத்துக்கொண்டான். "அரசர் போனதுக்கு எங்க ஊர்ல மூணு நாள் கடையடைப்புங்க. என் சரக்கெல்லாம் அப்படியே நின்னுபோச்சு" என்று குறைபட்டான். "ஆளு எப்படிப்பா?" என்று கேட்டேன். "நல்ல மனுஷன்னுதான் சொல்றாங்க. ஊர்ல இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றான். என் சமையல்காரன் தொக்சாரன் சிரித்த சிரிப்பில் கஞ்சிப் பானை கவிழ்ந்துவிட்டது.

நடந்தது இதுதான். தோள்பட்டைக்குக் கீழே அம்பு பாய்ந்து குதிரையிலிருந்து விழுந்தேன். பதினோரு நாள் நினைவில்லை. தளபதி பொலெமோனுக்குப் புத்தி பேதலித்து, "அரசர் மறைந்தார்" என்று உனக்கு ஆள் அனுப்பிவிட்டான். பன்னிரண்டாம் நாள் நான் கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டேன். உடனே வைத்தியர் மறுகடிதம் எழுதி, தூதன் நிகியாஸிடம் கொடுத்தனுப்பினார். அதே பையில் என் முத்திரையிட்ட உத்தரவு ஒன்றும் இருந்தது. இரண்டுமா வந்து சேரவில்லை? அவன் வழியில் எங்காவது குடித்துவிட்டுக் கிடக்கிறானா?

துக்கத்துக்காகக் கூந்தலை வெட்டிக்கொண்டாயா? அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. வளரும், கவலைப்படாதே. நம் தாமோனிடம் அப்பா உயிரோடு இருக்கிறார் என்று சொல். பாலைக்கு அந்தப் பக்கம் இன்னும் ஒரே ஒரு நகரம் பாக்கி. அதை முடித்துவிட்டு வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
இறந்துபோன உன் கணவன்
யூமேலன்


பாக்திரா
தாமோன் ஆட்சி முதலாம் ஆண்டு, முலாம்பழ மாதம்

என் அரசருக்கு,

அப்படி எழுதலாமா என்றுகூடத் தெரியவில்லை. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் சமையற்கட்டில் மாவு மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். எழுந்தபோது பின்னால் முழுக்க மாவு. அப்படியே சபைக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். தாமோன் சின்னப் பையனைப் போல அழுதான். பத்தொன்பது வயது. உங்கள் உயரம் வந்துவிட்டான். நீங்கள் போனபோது என் இடுப்பளவு இருந்தான்.

"இன்னும் ஒரே ஒரு நகரம்" என்று பதினோரு வருடத்தில் எத்தனை முறை எழுதியிருக்கிறீர்கள் தெரியுமா? நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

இப்போது சங்கடத்தைச் சொல்கிறேன். உங்களுக்குச் சடங்கெல்லாம் முடிந்துவிட்டது. உடல் இல்லாததால் உங்கள் பழைய தலைக்கவசத்தைப் புதைத்தோம். கல்லறைக் கல் செதுக்கப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. கல் வைத்த மறுநாள் தாமோனுக்கு முடிசூட்டினார்கள். நீங்கள் இருக்கிறீர்கள் என்று தெரிந்ததும், ஊர் அடுப்புக் கோயில் பூசாரி அர்கியாஸைக் கூப்பிட்டு இனி என்ன செய்வது என்று கேட்டேன். கிழவர் தலையைச் சொறிந்தார்.

"அம்மா, கல்லு வெச்சாச்சுன்னா வெச்சதுதான். அவர் செத்தவரு. வாசல் வழியா வீட்டுக்குள்ள வரக் கூடாது, அடுப்பு நெருப்பைப் பாக்கக் கூடாது, யாரும் அவரோட ஒரு தட்டுல சாப்பிடக் கூடாது."

"உயிரோட இருக்கிறவர் என்னதான் செய்யணும்?"

"மறுபடி பொறக்கணும். வேற வழியே இல்ல."

உங்கள் கிரேக்க ஜனங்களின் புத்தியே புத்தி. எங்கள் பக்கத்தில் செத்தவன் திரும்பி வந்தால் ஆட்டை வெட்டிக் கொண்டாடியிருப்போம். இங்கேயோ கூரையைப் பிரித்து, வெள்ளைத் துணியில் கட்டி, கயிற்றில் உள்ளே இறக்குவார்களாம். மருத்துவச்சி குளிப்பாட்டித் துணியில் சுற்றுவாளாம். கைக்குழந்தைக்காரி ஒருத்தி தன் மனதார ஒரு வாய்ப் பால் தர வேண்டுமாம், கிண்ணத்தில் கொடுத்தால் போதுமாம். பத்தாம் நாள் புதுப் பெயர். ஆறு வருடத்துக்கு முன் உப்பு வியாபாரி ஒருவனுக்கு இப்படிச் செய்தார்கள். எனக்கு ஆறு வயசுதான் என்று சொல்லி இன்றுவரை வரி கட்ட மறுக்கிறான்.

சிரிக்காதீர்கள், இனிதான் விஷயமே. புதிதாகப் பிறந்தவனுக்குப் பழையது எதுவும் சொந்தமில்லை. கிரீடம், முத்திரை, போட்ட உத்தரவு எல்லாம் செத்தவனோடு போயிற்று. தாமோன் "அப்பாவே வெச்சுக்கட்டும், எனக்கு வேண்டாம்" என்றான். சபை ஒப்பவில்லை. பிறந்த குழந்தைக்கு எப்படி முடிசூட்டுவது என்று கேட்கிறார்கள்.

நிகியாஸைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வழி நீளம். எத்தனையோ பேர் வழியில் தொலைந்துபோகிறார்கள்.

தோள் ஆறிவிட்டதா? மழைக்காலத்தில் வலிக்கும். ஆட்டுக் கொழுப்பைச் சூடாக்கித் தடவச் சொல்லுங்கள்.

உங்கள்
ஜரியா


காஷ்கர்
யூமேலன் ஆட்சி இருபத்திரண்டாம் ஆண்டு (ஆமாம், என் ஆட்சிதான்), கோடையின் கடைசி

ஜரியா,

இருபத்திரண்டு நகரங்களைப் பிடித்தவன் நான். நரைத்த தாடியோடு என்னைத் துணியில் சுற்றித் தாலாட்டுப் பாடப் போகிறீர்களா? என் எடை தெரியுமா உனக்கு? கயிறு அறுந்தால் மறுபடி ஒரு சாவு, மறுபடி ஒரு கல்.

முதலில் படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அந்தத் திராட்சைக்காரனும், எனக்குக் கல் வைத்தாயிற்று என்று அவன் கொண்டுவந்த செய்தியும் கூடாரம் கூடாரமாகப் போயிருக்கின்றன. மறுநாள் பொலெமோனின் கூடாரத்தில் சாப்பிட உட்கார்ந்தேன். அவன் தன் கிண்ணத்தை மெதுவாக அந்தப் பக்கம் நகர்த்தினான். என்னோடு பதினோரு வருடம் ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றவன். "என்னடா?" என்றேன். "மன்னிச்சிருங்க. எனக்கும் பொண்டாட்டி புள்ள இருக்கு" என்றான். ஆற்றைக் கடக்கும் முன் பலி கொடுக்கவும் என்னை விடவில்லை. செத்தவன் கை பட்ட பலியைத் தெய்வம் வாங்காதாம். பலியில்லாமல் ஆற்றில் இறங்கப் படை மறுத்துவிட்டது. முப்பதாயிரம் பேர், ஜரியா. எதிரியால் முடியாததை ஒரு கல்லை வைத்து நீங்கள் செய்துவிட்டீர்கள். இப்போது என்னோடு உட்கார்ந்து சாப்பிடுபவன் தொக்சாரன் ஒருவன்தான். அவன் சகர் குலத்து நாடோடி, உங்கள் வழக்கமோ எங்கள் வழக்கமோ அவனுக்குக் கிடையாது. "செத்தவனுக்கு இவ்வளவு பசி ஆகாது" என்கிறான்.

அதனால் திரும்பிக்கொண்டிருக்கிறேன். ஆனால் கூரை வழியாக அல்ல. படையோடு வருவேன், பெரிய வாசல் வழியாக வருவேன், அந்தக் கல்லை என் கையாலேயே உடைப்பேன். தாமோனை ஒதுங்கி நிற்கச் சொல்.

இன்னொன்று. நிகியாஸ் திரும்பி வந்துவிட்டான். கடிதத்தையும் உத்தரவையும் உன் கையிலேயே கொடுத்ததாகச் சத்தியம் செய்கிறான். ராணி மேல் பழி போடுகிறவனின் தலை கழுத்தில் இருக்கக் கூடாது. கட்டி வைத்திருக்கிறேன். நான்கு பெண் குழந்தைகள் என்று அழுகிறான். "பொய் சொல்கிறான்" என்று நீ ஒரு வரி எழுது, போதும்.

கொழுப்புத் தடவினேன். நாற்றம் தாங்கவில்லை, வலி குறைந்தது.

யூமேலன்


பாக்திரா
தாமோன் ஆட்சி முதலாம் ஆண்டு, அறுவடை முடிந்து பத்தாம் நாள்

என் அன்பானவருக்கு,

நிகியாஸை அவிழ்த்துவிடுங்கள். அவன் பொய் சொல்லவில்லை.

இதைப் படிக்கும்போது உட்கார்ந்திருங்கள். பக்கத்தில் தொக்சாரன் இருந்தால் நல்லது.

கல் வைக்கும் நாள் காலையில் நிகியாஸ் வந்தான். ஊரெல்லாம் கல்லறைத் திடலில் இருந்தது. கல் நடும் குழியில் போட அடுப்புச் சாம்பல் எடுக்க நான் மட்டும் வீட்டுக்கு வந்திருந்தேன். குதிரை வாயில் நுரை, அவன் முகமெல்லாம் சிரிப்பு. "அம்மா, அரசர் கஞ்சி குடிச்சிட்டாரு!" என்றான். நான் அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டேன். அது சத்தியம். அந்த ஒரு கணத்தைவிடச் சந்தோஷமாக நான் என்றும் இருந்ததில்லை.

பிறகு உத்தரவைப் பிரித்தேன். இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து ஆறாயிரம் பேர் வேண்டும், பதினைந்து வயதுக்கு மேற்பட்ட எல்லோரும், அவர்களைத் தாமோன் நடத்தி வர வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். கண் திறந்து கஞ்சி குடித்த கையோடு நீங்கள் கேட்டது அதைத்தான். என்னையா கேட்டீர்கள்? வீட்டையா கேட்டீர்கள்? ஆறாயிரம் பேரைக் கேட்டீர்கள்.

இங்கே பதினைந்துக்கு மேல் ஆறாயிரம் பேர் இல்லை. போன வருடம் அனுப்பிய நாலாயிரத்தில் எழுபது பேர்தான் கடிதம் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் பாய்ச்சுவது பெண்கள், ஏர் பிடிப்பதும் பெண்கள்தான். உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். செத்த அரசனின் உத்தரவு செல்லாது என்பது உங்கள் ஜனங்களின் சட்டம். கல் இன்னும் வைக்கவில்லை. நான் ஒரு வார்த்தை சொன்னால் நீங்கள் உயிரோடு இருப்பீர்கள், தாமோன் போவான்.

நிகியாஸிடம் "பேசாம போய் சாப்பிட்டுத் தூங்கு" என்றேன். இரண்டையும் அடுப்பில் போட்டேன். சாம்பல் எடுக்க வந்தவள்தானே, அந்தச் சாம்பலையே எடுத்துக்கொண்டு திடலுக்குப் போனேன். உங்கள் கல் நட்டபோது ஊரே அழுதது. நானும் அழுதேன். நீங்கள் சாகவில்லை என்று தெரிந்து அழுத ஒரே ஆள் நான்தான்.

நான் செய்தது தப்பு என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை. பயமாக மட்டும் இருக்கிறது. உங்கள் மேல் ஆசை இல்லாமல் செய்யவில்லை. அரசர் செத்தால்தான் என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வருவார் என்று தோன்றிற்று.

படையோடு வந்தீர்கள் என்றால் முதலில் என்னைத்தான் கேட்க வேண்டும். மகனைக் கேட்காதீர்கள், அவனுக்கு இது எதுவும் தெரியாது. இன்று சாயங்காலம் சொல்லப்போகிறேன்.

ஜரியா


பெர்கானா
முதல் பனி

படித்தேன்.

நிகியாஸை விட்டுவிட்டேன். அவனுக்கு ஒரு குதிரை கொடுத்தேன்.

உனக்கு எழுதக் கை வரவில்லை. குளிர்காலம் இங்கேதான். வசந்தத்தில் வருவேன். எப்படி வருவேன் என்று கேட்காதே, எனக்கே தெரியாது.


பாக்திரா
நடுக் குளிர்காலம்

என் அன்பானவருக்கு,

உங்கள் கடிதத்தில் பெயர்கூடப் போடவில்லை. ஆனாலும் மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். திட்டியாவது எழுதியிருக்கலாம்.

தாமோனிடம் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "அம்மா, அப்பா படையோட வந்தா நான் கதவைச் சாத்துவேன். சாத்திட்டு உள்ள நின்னு அழுவேன். ஆனா சாத்துவேன்" என்றான். உங்கள் மகன்தான், சந்தேகமில்லை.

நீங்கள் எப்படி வந்தாலும் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று, பால் தர ஆள் தேடிப் போனேன். ராணி வந்தால் கதவைத் திறந்தார்கள், பாய் போட்டார்கள். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிற்று. பதினோரு வீடு ஏறி இறங்கினேன். ஒருத்தி, "எனக்குப் பால் வத்திப்போச்சும்மா" என்றாள், அவள் ரவிக்கை நனைந்திருந்தது. இன்னொருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவளவள் வீட்டில் ஒருத்தன் வரவில்லை. மனதார என்பதுதான் சட்டம், கட்டாயப்படுத்தினால் சடங்கு செல்லாது.

பன்னிரண்டாவது வீடு மிர்தோவுடையது. கால்வாய்க்கரையில் செங்கல் அறுக்கிறவள். புருஷன் லைக்கோன் கோவேறு கழுதை ஓட்டி, போன வருடம் உங்களிடம் வந்தவன். அவன் போன பிறகு பிறந்த பெண் குழந்தை மடியில். கையெல்லாம் சேறாக இருந்தது, துடைக்கக்கூட இல்லை.

"தரேன்மா. ஆனா ஒண்ணு. என் புருஷன் என்ன ஆனான்னு அவர் தன் கையால எழுதி அனுப்பட்டும். யாரையோ விட்டு எழுதின கடுதாசி வேண்டாம். வீரமா செத்தான்னு கதையும் வேண்டாம். அதெல்லாம் எல்லா வீட்டுக்கும் வந்திருக்கு. நெசத்தை எழுதட்டும். அப்புறம் பாப்போம்."

அவ்வளவுதான். முப்பதாயிரம் பேரில் ஒரு கழுதைக்காரனை உங்களுக்கு எங்கே தெரியப் போகிறது என்று நினைத்தேன். இருந்தும் எழுதுகிறேன்.

குளிர் அதிகமா? கூடாரத்தில் தொக்சாரன் ஒருவனோடு மட்டும் சாப்பிடுகிறீர்கள் என்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. இதற்கும் நான்தானே காரணம்.

ஜரியா


வக்ஷு ஆற்றின் வடகரை
தாமோன் ஆட்சி இரண்டாம் ஆண்டு, வசந்தம்

என் ஜரியாவுக்கு,

தேதியைப் பார். அதை எழுத அரை நாள் ஆயிற்று.

குளிர்காலம் முழுக்க உன்மேல் கோபமாக இருந்தேன். உன்னை என்னென்னவோ சொல்லித் திட்டினேன், எல்லாவற்றையும் தொக்சாரன்தான் கேட்டான். கடைசியில் அவன், "அந்தம்மா ஒரு புள்ளையைக் காப்பாத்துச்சு. நீங்க இருவத்திரெண்டு ஊரைப் புடிச்சீங்க. ரெண்டுல எதுக்குக் கோவப்படறீங்க?" என்றான். அவனையும் திட்டினேன். ராத்திரிக் கஞ்சியில் உப்பு போடாமல் பழி வாங்கினான்.

மரகந்தாவில் படையைக் கூட்டினேன். "நான் செத்துவிட்டேன், செத்தவனுக்குச் செய்த சத்தியம் யாரையும் கட்டாது, வீட்டுக்குப் போங்கள்" என்றேன். ஜரியா, அப்படி ஒரு ஆரவாரத்தை நான் கேட்டதே இல்லை. எந்த நகரம் விழுந்தபோதும் அவர்கள் அப்படிக் கத்தியதில்லை. பொலெமோன் தொப்பியைத் தூக்கி எறிந்து குதித்தான், அவனுக்கு வயது ஐம்பத்தெட்டு. எனக்கு அவமானமாக இருந்தது. பிறகு யோசித்தால், இத்தனை வருடமும் நான் ஒருவன்தான் அங்கே இருக்க ஆசைப்பட்டிருக்கிறேன். இப்போது என்னோடு இருப்பது தொக்சாரனும் இரண்டு குதிரைகளும்தான். கதவைச் சாத்த வேண்டியதில்லை என்று தாமோனிடம் சொல்.

மிர்தோ கேட்டதற்கு வருகிறேன். லைக்கோனை எனக்குத் தெரியாது. பொய் சொல்ல மாட்டேன், அவன் முகம்கூட நினைவில்லை. போகிற ஒவ்வொருவனையும் நிறுத்திக் கேட்டேன். பன்னிரண்டு நாள் கேட்டேன். கடைசியில் அவனோடு கழுதை ஓட்டிய ஒருவன் அகப்பட்டான்.

இதை அவளிடம் அப்படியே படித்துக் காட்டு. லைக்கோன் சண்டையில் சாகவில்லை. காஷ்கரைத் தாண்டி மூன்றாம் நாள் நடையில் அவனுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. நடக்க முடியவில்லை. நோயாளிக்காகப் படை நிற்கக் கூடாது என்று உத்தரவு. அந்த உத்தரவு போட்டவன் நான். ஒரு கிணற்றடியில் தண்ணீர்த் தோல்பையோடு அவனை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். ஒரு நாள் நின்றிருந்தால் பிழைத்திருப்பான் என்கிறான் அந்தத் தோழன். "பொண்டாட்டி மாசமா இருக்கா, இந்தக் கழுதையை வித்து அவகிட்ட குடுங்க" என்று சொல்லியிருக்கிறான். கழுதையைப் படை தின்றுவிட்டது. திரும்பும்போது நாங்கள் வேறு வழியாக வந்ததால் அவன் கிணற்றைக்கூட நான் பார்க்கவில்லை.

இதுதான் நிசம். இதைக் கேட்ட பிறகும் அவள் தருவாள் என்றால் எழுது, வருகிறேன். தரமாட்டேன் என்றால் அவளை யாரும் எதுவும் சொல்லக் கூடாது. நான் இக்கரையிலேயே ஒரு குடிசை போட்டுக்கொள்கிறேன். நீ எப்போதாவது படகில் வந்து எட்ட நின்று பார்த்துவிட்டுப் போ.

ஒரே ஒரு முறை உன்னோடு ஒரு தட்டில் சாப்பிட வேண்டும் என்று ஆசை. பதினோரு வருடம் அதை நினைக்காமல் எப்படி இருந்தேன் என்று தெரியவில்லை.

யூமேலன்


பாக்திரா
இரண்டு நாள் கழித்து

என் அன்பானவருக்கு,

மிர்தோவுக்குப் படித்துக் காட்டினேன். செங்கல் காய்கிற களத்தில் நின்றபடியே கேட்டாள். "இன்னொரு தடவை படிங்க" என்றாள். படித்தேன். கிணறு வந்த இடத்தில் நான் நிறுத்திவிட்டேன், அவள்தான் "ம், படிங்க" என்றாள்.

பிறகு உட்கார்ந்து அழுதாள். அப்படி ஒரு அழுகையை நான் பார்த்ததில்லை. அவள் குழந்தையை நான் வைத்துக்கொண்டிருந்தேன். அது என் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, குழந்தையை வாங்கிக்கொண்டாள். பால் தருவாயா என்று கேட்க எனக்கு என்ன உரிமை? கிளம்பி வாசல் வரை வந்துவிட்டேன்.

பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"அம்மா. அவரை வரச் சொல்லுங்க. வழியில ஒண்ணும் தின்னுட்டு வர வேண்டாம்னு சொல்லுங்க. பொறக்கற புள்ளைக்கு வயிறு காலியா இருக்கணும்."

கூரை பிரிக்க ஆள் சொல்லிவிட்டேன். வாருங்கள்.

ஜரியா